வேதியர் ஒழுக்கமும் வார இறுதிச் சான்றிதழும்

தமிழில் சமய ஆசிரியரைப் பயிற்றுவதற்கென்றே எழுந்த உரைநடை நூல்களுள் தலையாய ஒன்று, வீரமாமுனிவர் 1727ஆம் ஆண்டில் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’. ஊர் ஊராகச் சென்று கிறிஸ்தவ மறையைக் கற்பித்த உபதேசியார்களுக்கே அந்நாளில் வேதியர் என்று பெயர். நூலாசிரியர் வாதத்துக்கு அஞ்சியவர் அல்லர். மாற்றாரை மடக்குவதற்காகவே ‘பேதகமறுத்தல்’ எழுதியவர். தரங்கம்பாடியின் லுத்தரன் சபையாரை ஓட ஓட விரட்டியவர். ஆயினும் தம்மிடம் பயின்ற வேதியருக்கென எழுதிய கைந்நூலுக்கு ‘வேதியர் வாதம்’ என்று அவர் பெயர் சூட்டவில்லை. வாதத்தை வேறு நூல்களில் வைத்தார். ஆசிரியனின் பயிற்சிக்கு ஒழுக்கத்தை வைத்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்ட இந்நாளில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே நம் வழக்கு.

அபாலஜெடிக்ஸ் என்று ஒரு துறை. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிராக எழும் வினாக்களுக்கு விடையிறுத்து அதைக் காக்கும் கலை. விசுவாசத் தற்காப்பு என்று தமிழில் வழங்குவர். பழைய துறைதான். ஆனால் அதனைக் கற்பிக்கும் ‘ஆசிரியர்களை’ உருவாக்கிச் சான்றிதழும் வழங்கும் முகாம்கள், இணையவழி வகுப்புகள், அஞ்சல்வழிப் பாடங்கள் ஆகியவை அண்மைக் காலத்துப் பெருக்கம். இரண்டு மூன்று வார இறுதிகள், ஒரு கோப்பு நிறைய மொழிபெயர்ப்புத் தாள்கள், சரியான விடைக்கு எதிரே கோடிடும் ஒரு தேர்வு, முடிவில் பொன்னிற விளிம்பிட்ட ஒரு தாள். அத்தாளைப் பெற்றவர் மறுவாரமே பிறருக்குக் கற்பிக்கத் தகுதியானவர் ஆகிவிடுகிறார். திண்டுக்கல்லின் கல்லூரி வகுப்பறைகளிலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் இத்தகைய இளைஞர்களைச் சில ஆண்டுகளாக நாம் காண்கிறோம். அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆர்வத்தில் சிறிதும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களைக் குறைகூற நாம் எழுதவில்லை. அவர்களுக்குக் குறைவானதைக் கொடுத்து, அதை நிறைவென்று முத்திரை குத்துபவர்களைக் குறித்தே எழுதுகிறோம்.

எச்சமயத்துக்கும் வழக்கறிஞராக நாம் இங்கே நிற்கவில்லை. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்ற ஒரே உரிமையில் பேசுகிறோம். தமிழில் நடக்கும் எந்த வாதமும் தமிழாசிரியனின் அக்கறைக்கு உட்பட்டதே.

*

முதலில், பழைய பயிற்சி எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் அவர் வடமொழி பயின்றார். தமிழைத் தமிழரிடம் பயின்றார். தம் சமயத்தின் மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கு விடையாக ‘தூஷண திக்காரம்’ எழுதும் தகுதி, அந்தப் பயிற்சிக்குப் பின்னரே அவருக்கு வாய்த்தது. யாருக்கு விடை சொல்ல வேண்டுமோ அவர்களிடமே மாணவராக அமர்ந்த பிறகுதான் அவர் ஆசிரியரானார். 

வீரமாமுனிவரின் கதை நம் மாவட்டத்தையே தொட்டுச் செல்வது. 1711ஆம் ஆண்டளவில் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்த அவ்வித்தாலியருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்பது வழிவழி வந்த செய்தி. யார் இந்தக் கவிராயர்? நிலக்கோட்டைப் பாளையத்தின் கூளப்ப நாயக்கனைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் ‘கூளப்ப நாயக்கன் காதல்’, ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ ஆகிய சிருங்காரச் சிற்றிலக்கியங்களைப் பாடியவர். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை கூப்பிடு தூரம் இல்லையெனினும் பேருந்தில் ஒரு குட்டித்தூக்கம் போடும் தூரம்தான். காமச்சுவை ததும்பப் பாடிய புலவரிடம் அமர்ந்து ஒரு துறவி இலக்கணமும் இலக்கியமும் கற்றார், ‘தேம்பாவணி’ பாடினார், ‘தொன்னூல் விளக்கம்’ செய்தார், ‘சதுரகராதி’ தொகுத்தார். அந்தக் கவிராயரின் நம்பிக்கை இன்னதென்று விண்ணப்பப் படிவத்தில் கேட்டு, ஒப்பமில்லையெனில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் தமிழ் எத்தனையை இழந்திருக்கும்!

தரங்கம்பாடியில் 1706இல் கரையிறங்கிய சீகன்பால்கும் அவ்வாறே. அவர் தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்தார். தமிழரோடு கடிதப் போக்குவரத்து நடத்தி அவர்தம் சமயக் கருத்துகளை அவர்கள் வாயாலேயே கேட்டார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விவரிக்கும் பெருநூலை எழுதி முடித்தார். அதைச் செருமனியின் ஹாலே நகருக்கு அனுப்பியபோது நேர்ந்தது என்ன? அஞ்ஞானத்தை அகற்றப் போனவர் அஞ்ஞானத்தைப் பரப்பலாமா என்ற போக்கில் மேலிடம் அதை ஒதுக்கி வைத்தது. அவர் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1867இல், சென்னையில்தான் அந்நூல் அச்சேறியது. களத்தில் நின்றவனுக்கு எதிர்த்தரப்பை அறிய வேண்டியிருந்தது. முத்திரையைக் கையில் வைத்திருந்த மேலிடத்துக்கு அது தேவைப்படவில்லை. சான்றளிக்கும் அமைப்புக்கும் உண்மையான பயிற்சிக்கும் இடையிலான பிணக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கி மறு ஆண்டே திண்டுக்கல்லுக்கு வந்தது. உள்ளூர் ஊழியரைப் பயிற்ற அவர்கள் 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் திறந்து, 1845இல் பசுமலைக்கு மாற்றினர். கத்தோலிக்கர் தரப்பில், கொடைக்கானல் மலைமேல் செண்பகனூரில் 1895 முதல் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி நிற்கிறது. ஓர் இயேசு சபைத் துறவி குருத்துவம் பெறுவதற்குள் நவசந்நியாசம், மெய்யியல், களப்பணி, இறையியல் எனப் பத்தாண்டுக்கும் மேல் கழிந்துவிடும். மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் மாணவரும் ஆண்டுக்கணக்கில் படித்தே பட்டம் பெறுகிறார். இவற்றில் குறைகள் இல்லையென்று யாரும் சொல்லார். ஆனால் ஓர் ஆசிரியன் முதிர்வதற்குக் காலம் வேண்டும் என்ற அடிப்படை உண்மையை இவை மதித்தன.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொல்லுப்பட்டறையிலும் அரத்திலும் கை தேய்ந்தபின் வந்த சான்று அது. முதலில் பூட்டு, பிறகு முத்திரை. விசுவாசத் தற்காப்பு வகுப்புகளிலோ முத்திரை முதலில் வந்துவிடுகிறது. பூட்டு எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை.

*

அடுத்து, இவ்வகுப்புகள் எதைக் கற்பிக்கின்றன?

பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரே அச்சு. பிரபஞ்சத்துக்கு முதற்காரணம் உண்டு என்ற வாதம், உலகில் ஒழுங்கமைவு உண்டு, ஆகவே அமைத்தவன் உண்டு என்ற வாதம், தீமை ஏன் இருக்கிறது என்ற வினாவுக்கு விடை, புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் படிகளின் எண்ணிக்கை, வெறுங்கல்லறைக்கான சான்றுகள், ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் எழுதிய நூலுக்கு மறுப்பு. இவையெல்லாம் வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. இலண்டனிலோ நியூயார்க்கிலோ நம்பிக்கையிழந்த ஒரு பட்டதாரியிடம் பேச இவை உதவக்கூடும். ஆனால் நத்தத்திலோ வேடசந்தூரிலோ வத்தலக்குண்டிலோ எவர் டாக்கின்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்கிறார்?

இங்கே கேட்கப்படும் வினாக்கள் வேறு. “உங்கள் கோயிலிலும் சாதி இருக்கிறதே, அது எப்படி?” என்பது முதல் வினா. “இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதந்தானே?” என்பது இரண்டாவது. “அரிசிக்கும் பாலுக்கும் மதம் மாறியவர்கள்தானே?” என்பது மூன்றாவது. “எங்கள் குலசாமியைப் பேய் என்று சொல்ல உனக்கு யார் உரிமை தந்தது?” என்பது நான்காவது. ஒன்றுக்கேனும் அந்தத் தாள்களில் விடையுண்டா?

முதல் வினாவையே எடுத்துக்கொள்வோம். வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய ஆலயம், சாதிவாரியாக மக்கள் பிரிந்து அமரும்படி இரு பிரிவாகவே கட்டப்பட்டது. நடுவே நின்ற தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்து நின்ற சுவர், பல்லாண்டுக் காலம் போராட்டத்துக்குப் பொருளாயிற்று. 2003இல் பிறந்த திண்டுக்கல் மறைமாவட்டம், அதே திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து வந்ததுதான். இன்னொரு பக்கம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவத் தலித்துக்கு அக்கதவு திறக்கவில்லை. ஆக, சபைக்குள் சாதியால் ஒதுக்கப்பட்டு, சட்டத்தில் மதத்தால் ஒதுக்கப்பட்ட மனிதன் ஒருவன் இந்தச் சமவெளியில் வாழ்கிறான். அவன் மகன் எழுந்து நின்று, “எல்லோரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் சபையில் எனக்கு ஏன் தனிக் கல்லறை?” என்று கேட்டால், பிரபஞ்சத்தின் முதற்காரணத்தைப் பற்றிய மூன்றாம் பாடத்திலிருந்து விடையெடுத்துக் கொடுப்பீர்களா?

வேரூன்றிய மண்ணின் வினாவை எதிர்கொள்ளாத தற்காப்பு, யாரைக் காக்கிறது? கேள்வி கேட்பவரிடமிருந்து விடை சொல்பவரைக் காக்கிறது, அவ்வளவே. 

மூன்றாவது வினாவும் அப்படித்தான். 2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் அதனைத் திரும்பப் பெற்றது. அவ்விரண்டு ஆண்டுகளில் இரு தரப்பும் என்ன வாதிட்டன, எவ்வாதம் வலுவானது, எது வெற்றுக் கூச்சல் என்பதை ஒரு பாடமாக வைத்திருந்தால் நம் இளைஞனுக்குக் கால் ஊன்ற ஓரிடமேனும் கிடைத்திருக்கும். வைக்கவில்லை, காரணம், பாடத்தை எழுதியவருக்கு அச்சட்டம் பெயரளவிலும் தெரியாது.

*

இதைவிட நம்மை வருத்துவது வேறொன்று. வாதம் என்ற கலையை முதன்முதலாகக் கடல் கடந்து வந்தவர்தாம் கற்றுக்கொடுப்பது போல இவ்வகுப்புகள் நடக்கின்றன. தமிழனுக்கு வாதம் புதிதா?

மணிமேகலை வஞ்சி மாநகருக்குச் சென்று ஒவ்வொரு சமயக் கணக்கரையும் அணுகி, அவரவர் திறம் கேட்கிறாள். சாத்தனார் அதற்கென ஒரு காதையே ஒதுக்கினார். அவள் இடைமறித்துக் கூச்சலிடவில்லை, முதலில் கேட்டாள். பின்னர் வரும் காதையில் அளவையியல் முழுவதும் விரிகிறது: எது மேற்கோள், எது ஏது, எது எடுத்துக்காட்டு, அவற்றில் நேரும் போலிகள் எவையெவை என்று அறவண அடிகள் வகுத்துரைக்கிறார். தருக்கப் பிழைகளின் பட்டியலை ஆங்கிலத்திலிருந்து அரைகுறையாகப் பெயர்த்துக் கொடுக்கும் வகுப்பு நடத்துநருக்கு, அதைத் தமிழிலேயே கற்பிக்க ஒரு காப்பியம் காத்திருக்கிறது என்ற செய்தி எட்டவில்லை.

நீலகேசியை நினையுங்கள். முதலில் அவள் பேய். முனிச்சந்திரரிடம் அறவுரை கேட்டு மாறியபின்னரே வாதுக்குப் புறப்படுகிறாள். குண்டலகேசியோடு, அர்க்கசந்திரனோடு, மொக்கலனோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வேதவாதியோடு என ஒவ்வொருவரிடமும் அவரவர் இருப்பிடம் தேடிச் சென்று வாதிடுகிறாள். முதற் பகுதி தருமவுரை, வாதங்கள் பிறகு. வீரமாமுனிவர் வகுத்த வரிசையும் இதுவே என்பதைக் கவனியுங்கள். சமணக் காப்பியமும் கிறிஸ்தவக் கைந்நூலும் ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன: தன்னைத் திருத்திக்கொள்ளாதவன் பிறரைத் திருத்தப் புறப்படலாகாது.

இன்னொரு வியப்பும் உண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அந்நூலைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுள் ஒரு பங்கு, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் வாயிலாகவும் அதன் உரை வாயிலாகவும் வந்ததே. எதிரியின் கூற்றை எதிரியின் சொல்லாலேயே எடுத்துரைத்து மறுப்பது ஒரு நாகரிகம். சைவ மரபிலும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். பிறர் கொள்கையை முறையாக எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம் முன்னே. தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் பின்னே. இன்றைய சான்றிதழ்த் தாள்களில் பரபக்கம் இரண்டு வரி. “இந்து சமயம் இவ்வாறு கூறுகிறது”, “இசுலாம் இவ்வாறு கூறுகிறது” என்று, எந்த இந்துவும் எந்த முசுலிமும் தன்னுடையதென்று ஏற்காத இரண்டு வரி. வைக்கோற் பொம்மையைக் கட்டி வைத்து அதைச் சாய்த்துவிட்டு வெற்றிக்கொடி நாட்டுவது வீரமா?

இம்மரபின் இருண்ட பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் முடிந்தபின் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று பெரியபுராணம் பாடுகிறது. அது வரலாறா, புனைவா என்ற ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். வாதத்தின் முடிவில் கழுமரம் நிற்கக்கூடும் என்பதைத் தமிழ் மனம் அறிந்திருந்தது என்பதே நமக்கு முக்கியம். அபிராமியம்மன் கோயிலும் பேகம்பூர்ப் பள்ளிவாசலும் புனித சூசையப்பர் ஆலயமும் ஒரே மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கும் ஊர் இது. இங்கே அரைகுறையாகக் கற்றவன் வீசும் ஒரு சொல், அன்று மாலையே கடைத்தெருவில் வேறு உருவம் எடுத்துவிடும். கார் ஓட்டவே உரிமம் கேட்கும் நாட்டில், மக்களின் உயிர்நிலையான நம்பிக்கைகளுக்கு நடுவே ஓட்டப்படும் வண்டிக்கு இரண்டு வார இறுதிகள் போதுமா?

*

சான்றளிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய இரு வரலாறுகளைச் சொல்வோம்.

முதலாவது யாழ்ப்பாணத்தது. ஆறுமுக நாவலர் மெதடிஸ்த பாடசாலையில் பயின்றவர், அங்கேயே கற்பித்தவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து துணைபுரிந்தவர். விவிலியத்தை வரி வரியாக அறிந்த அவர், 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதிப் பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடையிறுத்தார். மிஷன் தந்த கல்வியே மிஷனுக்கு எதிர்வாதமாயிற்று. இதிலிருந்து என்ன பெறுகிறோம்? எதிர்த்தரப்பின் நூலை உண்மையாகவே கற்றவனின் சொல்லுக்குத்தான் வலிமை உண்டு. நாவலருக்கு விவிலியம் தெரிந்த அளவில் பாதியேனும் தேவாரமும் சித்தியாரும் தெரிந்த ஒரு விசுவாசத் தற்காப்பு ஆசிரியரை இன்று காட்டுங்கள். நாம் இக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

இரண்டாவது அண்மைக் காலத்தது; கசப்பானது. 1946இல் சென்னையில் பிறந்த ரவி சக்கரியாஸ், இத்துறையில் உலகப் புகழ் பெற்றார். 1984இல் அவர் தொடங்கிய அமைப்பு பல நாடுகளில் கிளை விரித்தது. 2004இல் ஆக்ஸ்ஃபோர்டில் இத்துறைக்கென ஒரு பயிற்சி மையம் எழுவதற்கும் அவ்வமைப்பு துணைநின்றது. அங்கும் இணையவழியிலும் பயின்றோர் பலர். அவருடைய டாக்டர் பட்டங்கள் மதிப்புறு பட்டங்களே என்பது 2017இல் சர்ச்சையாகி, அவரைப் பற்றிய குறிப்புகளைத் திருத்த நேர்ந்தது. 2020 மே மாதத்தில் அவர் மறைந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், அவருடைய அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர் குழு, அவர் பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் புரிந்தார் என்று அறிக்கை தந்தது. அமைப்பு சிதைந்தது, அதன் பெயரைக் கிளைகள் உதறின. 

நாம் இதைச் சொல்வது மாண்டவரைத் தூற்றிச் சுவைப்பதற்கன்று. அவ்வறிக்கை வரும்வரை அவருடைய வாதங்கள் எங்கும் தோற்றதில்லை என்று அன்பர்கள் பெருமைப்பட்டார்கள். வாதங்கள் தோற்கவில்லைதான், ஆள் தோற்றான். அவருக்கு எதிராகப் பேசத் துணிந்த பெண்களுக்கு அந்தப் பேரமைப்பிலிருந்த எந்தச் சான்றிதழாளரும் தொடக்கத்தில் செவிகொடுக்கவில்லை. மேடையில் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்த அமைப்புக்கு, தன் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் போயிற்று. வாதத் திறமையை அளக்கும் தேர்வால் ஒழுக்கத்தை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? வீரமாமுனிவர் தம் கைந்நூலுக்கு ஏன் அப்பெயரை வைத்தார் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

*

நம் கூற்றுக்கு எழும் மறுப்புகளையும் நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம்.

“பயிற்சியே இல்லாமல் தெருமுனையில் கத்துபவர்களைவிட, சிறிதேனும் பயின்றவர் மேலல்லவா?” என்பர். பயில்வது மேல்தான், மறுப்பில்லை. ஒரு பங்கு மக்களும் ஒரு சபை மக்களும் தங்கள் நம்பிக்கையை ஆழ்ந்து அறிய வகுப்பு நடத்தினால் வரவேற்கிறோம். ஆனால் கற்பவனுக்கான வகுப்பு வேறு. ஆசிரியனுக்கான சான்று வேறு. திண்ணையில் நாலு பாடல் கேட்டவனைத் தமிழாசிரியனாக அமர்த்துவதில்லை. கல்லூரியில் தமிழ் கற்பிக்க முதுகலையும் அதன்மேல் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அகரம் எழுதுவிக்கவும் பயிற்சிப் பட்டயமும் தகுதித் தேர்வும் வேண்டும். ஆன்மாவைப் பற்றிக் கற்பிக்க அதனினும் எளிய வாயில் போதும் என்பது ஆன்மாவை மதிப்பதாகாது.

“விசுவாசம் இறைவனின் கொடை, அதற்குக் கல்வித்தகுதி எதற்கு?” என்பர் வேறு சிலர். அப்படியாயின் சான்றிதழ் எதற்கு? கொடை என்றால் முத்திரை வேண்டாம். கல்வி என்றால் முத்திரைக்குரிய உழைப்பு வேண்டும். இரண்டு படகிலும் கால் வைக்க இயலாது.

“சட்டப்படி எங்கள் சான்றிதழ் செல்லும்” என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் பட்டம் வழங்கும் உரிமையைத்தான் வரையறுக்கிறது. வெறும் சான்றிதழை எந்த அமைப்பும் அச்சிட்டுக் கொடுக்கலாம். செராம்பூர்க் கல்லூரி 1827இல் டென்மார்க் அரசரிடம் சாசனம் பெற்று, 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறுதியோடு இறையியல் பட்டம் வழங்குகிறது. அதன் பட்டத்தையும் இந்த வார இறுதித் தாளையும் ஒரே சுவரில் மாட்டுவது, படிக்காத பெற்றோரை ஏமாற்றுவதாகும். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கட்டணம் கட்டிய நூற்பாலைத் தொழிலாளியின் மகன், அத்தாள் வேலைக்கும் உதவாது, வினாவுக்கும் உதவாது என்று அறியும் நாளில் அவனுக்கு யார் விடை சொல்வார்? அந்த நாளில் அவன் இழப்பது பணம் மட்டும்தானா?

*

மறுத்ததோடு நின்றுவிட்டால் நாமும் சுபக்கம் இல்லாத பரபக்கக்காரர் ஆகிவிடுவோம். ஆகவே நம் கருத்தை வரிசைப்படுத்துகிறோம்.

ஒன்று: ஆசிரியச் சான்று பெற விரும்புவோர், தாம் விடையளிக்கப் போகும் சமயத்தின் மூலநூல் ஒன்றையேனும் அச்சமயத்தாரிடமே பாடம் கேட்க வேண்டும். நொபிலியும் வீரமாமுனிவரும் செய்ததைத்தான் சொல்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

இரண்டு: தேர்வாளருள் ஒருவர் மாற்றுச் சமயத்தவராக அல்லது சமய நம்பிக்கையற்றவராக இருக்க வேண்டும். மாணவர் எதிர்த்தரப்பை எடுத்துரைத்த முறை நேர்மையானதுதானா என்பதை மட்டும் அவர் மதிப்பிடட்டும். எங்கள் ஊர்ப் பூட்டுக்காரரைக் கேளுங்கள்: தன் சாவியால் தன் பூட்டைத் திறந்து காட்டுவது சோதனையாகாது, வேற்றுச் சாவிகள் எல்லாம் நுழைந்து தோற்றுத் திரும்பினால்தான் அது மாங்காய்ப் பூட்டு.

மூன்று: பாடத்திட்டத்தில் பாதி, மண்ணின் வினாக்களுக்கு உரியதாகட்டும். சாதி, கல்லறைச் சுவர், 1950ஆம் ஆண்டு ஆணை, காலனியமும் மிஷனும், நாட்டார் தெய்வங்கள் ஆகியவை முதல் அலகுகளாக அமையட்டும். சபை தவறிய இடங்களில் தவறினோம் என்று சொல்லப் பயிற்றுவதும் தற்காப்பின் ஒரு பகுதியே. 

நான்கு: மணிமேகலையின் சமயக் கணக்கர் திறமும் அளவையியலும், நீலகேசியும், சித்தியார் பரபக்கமும், ‘தூஷண திக்காரமும்’, ‘சைவ தூஷண பரிகாரமும்’ இவ்வகுப்புகளின் நூலகத்தில் இருக்கட்டும். இவற்றைப் பாடம் சொல்லத் தமிழாசிரியர்கள் ஊர்தோறும் இருக்கிறோம். அழைத்தால் வருவோம், கட்டணமும் கேளோம்.

ஐந்து: சான்று வழங்குமுன் அம்மாணவர் ஓராண்டேனும் ஒரு கிராமத்தில் தங்கட்டும். அவர் பொறுமையாகக் கேட்டாரா, பெண்களிடமும் எளியவரிடமும் எவ்வாறு நடந்துகொண்டார், பணத்தில் நேர்மையாக இருந்தாரா என்று அவ்வூரார், பிற சமயத்தார் உட்பட, சொல்லட்டும். சான்றும் ஆயுள் முழுமைக்குமானதாக வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே ஊராரின் சொல் கேட்டுப் புதுப்பிக்கப்படட்டும்.

இவை மிகையான நிபந்தனைகள் என்று தோன்றலாம். பேதுருவின் நிருபம் விடை சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பணிக்கும் இடத்தை இவ்வகுப்புகள் தம் அடித்தளமாகக் காட்டுவதுண்டு. அதே இடத்தில் சாந்தமும் வணக்கமும் நிபந்தனையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த முதற்பாதியை எல்லாச் சான்றிதழிலும் அச்சிடுகிறார்கள். பிற்பாதியைத் தேர்வு வைக்க இன்னும் எவரும் முன்வரவில்லை. 

அதற்குத் தேர்வு வைக்கும் நாள் வரட்டும். அன்று தேறுபவர் மிகச் சிலராக இருப்பர். வேதியர் எனும் சொல்லுக்குரியவர் எக்காலத்திலும் மிகச் சிலராகவே இருந்திருக்கிறார்கள்.